ரயிலுக்கு விட்ட மேடு

சிங்கப்பூரில் எனக்கு வயிறு எரிந்தது கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்து இல்லை. ஒரு நடைபாதையைப் பார்த்து.

மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டினோமா, பத்தியக் குழம்பு வைத்தோமா என்று இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. மருமகன் நல்ல பிள்ளை. "அத்தை, நாள் பூரா அடுப்படியிலயே நிக்கிறீங்க, காலையில கொஞ்சம் காலாற நடந்துட்டு வாங்க" என்று ஒரு பாதையில் கொண்டுபோய் விட்டார். இரண்டு பக்கமும் மரங்கள், வெட்டிவிட்ட புல், நடுவில் மேடு பள்ளம் இல்லாத வழி. நாய்க்குட்டியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு இரும்புப் பாலம், அதையும் துடைத்துப் புதுசாக வைத்திருக்கிறார்கள். "இது முன்னாடி மலேசியாவுக்கு ரயில் ஓடின லைன் அத்தை. நிறுத்திட்டாங்க. தண்டவாளத்தை எடுத்துட்டு ஜனங்க நடக்கறதுக்கு விட்டுட்டாங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடின ரயிலை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் நடக்கிறார்களாம். அவர்களுக்கென்ன, பூமிக்கு அடியில் ஒரு ரயில், தலைக்கு மேலே ஒரு ரயில். ஒன்று போய்விட்டதே என்று வாயைத் திறந்தால் மூடுவதற்குள் இன்னொன்று வந்து நிற்கிறது. இருக்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் நடைபாதை ஆக்குவார்கள்.

எங்கள் திருவாடானையில் பெரிய கோயில் இருக்கிறது, தாலுகா ஆபீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. ரயில் மட்டும் எட்டிப் பார்த்ததே இல்லை. ரயிலைக் கண்ணால் பார்க்கக்கூட ராமநாதபுரத்துக்கோ காரைக்குடிக்கோ பஸ் ஏற வேண்டும். பள்ளிக்கூடத்தில் ரயில் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்ன அன்று மொத்த வகுப்பும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்தப் பாதையில் தினமும் ஒரு சீனப் பெரியவர் வருவார். தொப்பி, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். ஒருநாள் மகளும் குழந்தையோடு கூட வந்திருந்தாள். பெரியவர் நின்று குழந்தையைக் கொஞ்சிவிட்டு ஏதோ சொன்னார். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "முன்னாடி இங்க ஏறினா மலேசியாவுல எங்க அக்கா வீட்டுல போய் இறங்குவேன். இப்ப எவ்வளவு தூரம் நடந்தாலும் திரும்ப என் வீட்டுக்குத்தான் வர்றேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு அவர்மேல்கூட இரக்கம் வரவில்லை. ரயிலில் ஏறி அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாரே, அதுவே எனக்குப் பொறாமையாக இருந்தது.

இந்தப் பொறாமை எனக்கு அய்யாவிடமிருந்து வந்தது. அய்யா என்றால் எங்கள் அப்பா. திருவாடானையை அடுத்த கிராமத்தில் அண்ணனோடு இருக்கிறார். இளவட்டமாக இருந்த காலத்தில் பரமக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் யாரோ சம்பந்தக்காரர், "ஒங்க ஊருக்குக் கடைசி ரயிலு எப்ப மாப்ள?" என்று நக்கலாகக் கேட்டுவிட்டார். பந்தியே சிரித்திருக்கிறது. அய்யா இலையை விட்டு எழுந்து, "எங்க ஊருக்கு ரயிலு வார அன்னிக்குத்தான் நான் ரயில்ல ஏறுவேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து மதுரையானாலும் சரி, மெட்ராஸானாலும் சரி, பஸ்தான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சில பேர் வந்து எங்கள் நிலத்தில் சங்கிலி பிடித்து அளந்தார்கள். வயலுக்கு நடுவே நீளமாக ஓடும் ஒரு மேடு உண்டு. அதன் வழியாகத்தான் ரயில் பாதை வரும் என்று சொல்லி ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். அய்யா அவர்களுக்கு மோர் கொடுத்தார், கோழி அடித்தார். அதோடு சரி. கல் நிற்கிறது, ரயில் வரவில்லை. ஆனால் அய்யா அந்த மேட்டில் அதற்கப்புறம் ஏர் பூட்டவில்லை, ஒரு மரம்கூட வைக்கவில்லை. ரயிலுக்கு விட்ட மேடு என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. ஊர் சும்மா இருக்குமா? மெயின் ரோட்டுக்குப் போகக் குறுக்கு வழி கிடைத்தது என்று சனம் அதில் நடக்க ஆரம்பித்தது. ஆடு மாடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எல்லாரும் அந்த வழிதான். அய்யா வீட்டு வாசலில் நின்று கத்துவார்: "ஏலே, ரயிலு வார எடத்துல நடக்காதீகலே!"

நான் சிங்கப்பூரில் இருந்தபோதுதான் அண்ணன் போன் பண்ணினான். அவன் மகனுக்குப் பெண் முடிவாகிவிட்டது. நகை நட்டு என்று ஒன்றும் கேட்கவில்லை, பிள்ளைகள் தனியாக இருக்க ஒரு வீடு வேண்டும் என்றுதான் பெண் வீட்டார் கேட்டார்கள். தை பிறப்பதற்குள் கடைக்கால் தோண்டாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். மற்ற நிலமெல்லாம் கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல், மழை பிடித்தால் முழங்கால் ஆழம் நிற்கும். வீடு கட்ட ஏற்றது அந்த மேடு ஒன்றுதான். "அய்யாகிட்ட கேட்டா, ரயிலு எங்கிட்டுப் போகும்னு கேக்குறாருத்தா" என்று அண்ணன் அழாத குறையாகச் சொன்னான். "நீ வந்து பேசு. நீ சொன்னாத்தான் கேப்பாரு."

எனக்கு உடனே யோசனை ஓடியது. அந்த நடைபாதையை வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன். உலகத்திலேயே பணக்கார ஊரில் ரயிலைத் தூக்கிப் போட்டுவிட்டு நடக்கிறார்கள், நாம் இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று அய்யாவைக் கேட்டு மடக்கிவிடலாம் என்று கணக்கு.

ஊருக்கு வந்தால் அண்ணன் வேறொரு ஏற்பாடு பண்ணி வைத்திருந்தான். வீட்டுக்குத் தடை இருக்கிறது, தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைச் சுற்றிவிட்டு ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி வந்தால் விலகும் என்று ஜோசியர் சொன்னாராம். சரி என்று அய்யாவோடு மூன்று பேரும் கிளம்பினோம். தடை எங்களுக்கு முன்னாலேயே வெள்ளை வேட்டி கட்டி, துண்டு போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருந்தது.

பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. வேலிக்கருவை நிழலில் எல்லாரும் இறங்கி நின்றோம். சவுதியிலிருந்து லீவில் வந்திருந்த தேவிபட்டினத்துக்காரர் ஒருவர், வயது முப்பத்தைந்து இருக்கும், பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். அய்யா சும்மா இருக்காமல், "அங்கன ரயிலு இருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டார். "முன்னாடி பஸ்லதான் போவோம் அய்யா. இப்ப மக்காவுக்கும் மதீனாவுக்கும் ரயிலு விட்டுட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ். தண்ணி டம்ளரை வச்சா ஆடாது, அப்படிப் போகுது."

அய்யா வாயில் போட்ட பழத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "பாலைவனத்துக்கு வந்துருச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "மணலுக்குள்ள ரயிலு விடுறான். நம்ம மேட்டுக்கு என்ன கேடு?" அந்தத் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை, இன்னும் இரண்டு பழம் கொடுத்தார்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நடந்து போகப் பாலம் மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் ஒன்பது கற்கள். கையில் நவதானியத்தோடு சுற்றி வந்தோம். அண்ணன் ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணை மூடி, உதடு அசைய வேண்டினான். எனக்குத் தெரியும், கடைக்கால், கல்யாணம். அய்யாவும் பக்கத்திலேயே பக்தியாகச் சுற்றினார். கரைக்கு வந்ததும், "என்னய்யா வேண்டிக்கிட்டீக?" என்று கேட்டேன். "வேற என்னத்தக் கேப்பேன்? ரயிலத்தான்." அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். ஒரே நாளில் ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு மாதிரி மனு போனால் நவகிரகமும்தான் என்ன செய்யும்? சாயங்காலம் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டோம். அண்ணன் தின்ற வேகத்தைப் பார்த்தால் கோபம் முழுக்க பரோட்டா மேல் போனது மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் பாம்பன். நான் அதுவரை பஸ்ஸில் போகும்போதெல்லாம் பழைய பாலத்தைப் பார்த்திருக்கிறேன், ஆனால் புது ரயில் பாலம் வந்தபிறகு அன்றுதான் பார்க்கிறேன். கடலுக்குள் பழைய பாலம் துருவேறி நிற்கிறது, பக்கத்திலேயே புதுசு பளபளவென்று நிற்கிறது. இறங்கி ஒரு டீக்கடையில் நின்றோம். உளுந்த வடை, மொறுமொறுவென்று, அதிலும் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில ஊருக்கு எல்லாமே வாய்க்கிறது.

கடையில் பழைய பாலத்தைப் பற்றித்தான் பேச்சு. டீக்கடைக்காரர் சொன்னார்: "அத அப்படியே விட்டு, சனம் நடந்து போறமாதிரி பண்ணிட்டாகன்னா எங்களுக்கு யாவாரம் ஓகோன்னு இருக்கும். கடல் நடுவுல நிண்டு போட்டோ எடுக்கலாம்ல?" வலைக்கயிறு வைத்திருந்த ஒருவர், "போட்டோ எடுத்தா வயிறு நெறஞ்சிருமா? பிரிச்சுப்புட்டா மீன்பிடிப் படகு போக வர வசதி" என்றார். இன்னொருவர், "நாங்க பொறந்ததுலருந்து அது மேல போயிருக்கோம், பிரிக்கன்னு சொல்லாதீகப்பா" என்றார்.

அய்யா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஒங்களுக்கு எதுக்குய்யா ரெண்டு?" என்றார். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்ண வச்சுக்கங்க. இன்னொண்ணக் கழட்டி எங்க திருவாடானைப் பக்கம் அனுப்பச் சொல்லுங்க."

"அங்கன கடல் ஏது பெரியவரே?" என்று டீக்கடைக்காரர் சிரித்தார்.

"கடல் எதுக்கு? ரயிலு வந்தாப் போதும். பாலத்தக் கண்மாய்க்கு மேல போட்டுக்குறோம்."

கடையே சிரித்தது. அய்யாவும் சிரித்தார், ஆனால் பாதிதான் சிரிப்பு. இதுதான் நேரம் என்று நான் போனை எடுத்து சிங்கப்பூர் நடைபாதைப் படங்களைக் காட்டினேன். "பாருங்கய்யா. அவ்வளவு பெரிய ஊர்லயே ரயில் வேணாம்னு எடுத்துட்டு நடக்க விட்டுட்டாக. இனிமே எங்கயும் இப்படித்தான். நம்ம மட்டும் எத்தனை காலம் மேட்டக் காத்துக்கிட்டுக் கெடக்குறது?"

ஒவ்வொரு படமாக விரலால் தள்ளிப் பார்த்தார். நாய் வண்டியில் நிறுத்தி, "இது என்ன?" என்றார். சொன்னேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "தின்னு தீத்தவன் எலைய மடிக்கிறான். நமக்கு எலையே போடலத்தா" என்றார். அண்ணன் வடையைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். எனக்கு எரிச்சல். இவ்வளவு தூரம் போட்டோ சுமந்து வந்து, வடைக்கடையில் தோற்றுப்போனேன்.

ராமேஸ்வரத்தில் தீர்த்தமெல்லாம் ஆடி முடித்தோம். ஒவ்வொரு கிணற்றிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுகிறார்கள், கடைசியில் நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். அய்யா ஈர வேட்டியோடு, எங்கிருந்தோ வந்த வடக்கத்திக் குடும்பத்திடம் சைகையிலேயே எப்படி வந்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் கையை முன்னும் பின்னும் ஆட்டி, கூ என்று ஊதிக் காட்டினார்கள். காசியிலிருந்து ரயிலில் வந்திருக்கிறார்கள். இந்தியாவின் அந்தக் கோடியில் இருப்பவர்களுக்கு இங்கே வர ரயில் இருக்கிறது, இதே மாவட்டத்துக்காரர்கள் நாங்கள் டயர் வெடித்த பஸ்ஸில் வருகிறோம். அன்று சாப்பாட்டில் எனக்கே ருசி தெரியவில்லை.

மூன்றாம் நாள் தனுஷ்கோடி. வேனில் போனோம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார் ரோடு, மணல். இடிந்த சுவர்களுக்குப் பக்கத்தில் ஆட்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதுதான் பழைய ஸ்டேஷன் என்று யாரோ காட்டினார்கள். ஓலைப் பந்தல் போட்ட ஒரு கடையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தது. மிளகாய் மசாலா தடவி, சட்டியிலிருந்து எடுத்து இலையில் வைத்துக் கையில் கொடுக்கிறார்கள். மூன்று நாளில் நான் மனசாரச் சாப்பிட்டது அதுதான். கடைக்கார அம்மாவுக்கு என் வயது இருக்கும், அந்த ஊரிலேயே குடியிருக்கிறவர்.

அய்யா சாப்பிட்டுக்கொண்டே இடிந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கன வரைக்கும் வந்துருக்குல்ல" என்றார். அப்புறம், அந்த அம்மாவைப் பார்த்து, "ஒங்களுக்காச்சும் வந்துட்டுப் போச்சு" என்றார்.

அந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. "என்ன சொன்னீக? வந்துட்டுப் போச்சா? அறுபத்திநாலு புயல்ல ரயில ஆளுகளோட சேத்துல்ல கடல் அள்ளிட்டுப் போச்சு. எங்க ஆத்தாவோட கூடப் பொறந்தவுக அதுல வந்தவுக. ஆளும் கெடைக்கல, ஒண்ணும் கெடைக்கல." சட்டியில் மீன் கருகும் வாசனை வந்தது, திருப்பிப் போட்டார். "இப்ப திரும்ப லயன் போடப்போறோம்கிறாக. இல்ல, நடக்கவும் சைக்கிளு ஓட்டவும் பாதை போடுவாகன்னு ஒருத்தர் சொல்றாரு. எது வந்தாலும் மொதல்ல எம் பந்தலத்தான் பிரிப்பாக. நாங்க கேக்குறது குடிக்கத் தண்ணியும் கரண்டும்."

அய்யா கையில் எடுத்த மீனைத் திரும்ப இலையில் வைத்தார். "தப்பாச் சொல்லிட்டேன்த்தா" என்றார் கடைசியில், மெதுவாக. அந்த அம்மா அவர் இலையில் இன்னொரு மீனை வைத்தார். வேனில் திரும்பும்போது அய்யா அந்த இடிந்த சுவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். இல்லாததற்குப் பொறாமைப்பட்டே பழகிய மனுஷர், இழந்தவர்களைப் பார்த்தும் பொறாமைப்பட்டுவிட்டோமே என்று அவருக்கு உறுத்தியிருக்கும். எனக்கும் உறுத்தியது, ஏனென்றால் அந்த வார்த்தையை அவர் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நானும் மனசுக்குள் சொல்லியிருந்தேன்.

ராமேஸ்வரம் வந்ததும் எனக்கு ஒரு ஆசை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்தப் புதுப் பாலத்தில் போகாமல் எப்படி? "நான் ராமநாதபுரம் வரைக்கும் ரயில்ல வாரேன். நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வாங்க, பஸ் ஸ்டாண்டுல பாப்போம்" என்றேன். அண்ணன் அய்யாவைப் பார்த்தான். "போத்தா, போ. யாரு வேணாம்னா?" என்றார் அய்யா. அந்த 'போத்தா'வில் இருந்த உம்மணாமூஞ்சித்தனம் எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் போனேன்.

ஜன்னல் ஓரம் கிடைத்தது. எதிர் சீட்டில் பாம்பன் பக்கத்து அம்மா ஒருவர், மடியில் ஒரு பை. வண்டி பாலத்தில் ஏறியது. கீழே பச்சையாகத் தண்ணீர், படகுகள், தொட்டுவிடும் தூரத்தில் பழைய பாலத்தின் துருப்பிடித்த கம்பிகள். நான் குழந்தை மாதிரி ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். எதிரே திரும்பினால், அந்த அம்மா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்! கடலுக்கு நடுவில் ரயில் போகிறது, அம்மாவுக்குக் குறட்டை வருகிறது. தட்டி எழுப்பி நாலு வார்த்தை கேட்கலாமா என்று வந்தது. எத்தனை தடவை போயிருந்தால் இந்தப் பாலத்தில் ஒருத்தருக்குத் தூக்கம் வரும்!

அப்போதுதான் பார்த்தேன். தள்ளி உயரத்தில் ரோட்டுப் பாலம். ரயிலைப் பார்க்க வழக்கம்போல் கார்களும் வேன்களும் நின்றிருந்தன, கைப்பிடிச் சுவர் ஓரம் வரிசையாகச் சனம். எல்லார் கையிலும் போன். அந்த வரிசையில் கொஞ்சம் விலகி ஒரு வெள்ளை வேட்டி. இரண்டு கையாலும் துண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் அய்யா. எந்தப் பெட்டியில் நான் இருக்கிறேன் என்று தெரியாமல், எல்லாப் பெட்டிக்கும் பொதுவாகத் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் கையை வெளியே நீட்டி ஆட்டினேன், கத்தினேன். அந்த அம்மா விழித்துக்கொண்டு என்னவென்று கேட்டார். அவருக்கு என்ன சொல்வது? வாழ்நாள் முழுக்க ரயிலுக்குக் காத்திருந்தவர் அங்கே நிற்கிறார், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அண்ணன் சொன்னான்: "பஸ்ஸுக்கு மாட்டேன்னுட்டாருத்தா. ஆட்டோ பிடிக்கச் சொன்னாரு. பாலத்துல நிறுத்தக்கூடாதுன்னு ஆட்டோக்காரன் கத்துறான், போலீஸ் விசிலடிக்குது, இவரு இறங்கிட்டாரு. ரயிலு வரவும்தான் மூச்சே விட்டாரு."

"எந்தப் பெட்டியில இருந்த?" என்றார் அய்யா.

"நடுப்பெட்டி. நான் கையாட்டினேனே, பாக்கலையா?"

"எல்லாரும்தான் ஆட்டுனாக." டீயை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். "ஆடுச்சா?"

"என்னது?"

"ரயிலுத்தா. பாலத்து மேல போறப்ப ஆடுச்சா?"

"இல்லைய்யா. மெதுவாப் போச்சு. தண்ணியில மெதக்கிற மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆர்.எஸ். மங்கலம் தாண்டியதும், திரும்பாமலே, "ஏலே, அந்த மேட்டுல கட்டிக்க" என்றார்.

அண்ணனுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "அய்யா?"

"ஒருக்கத்தான் சொல்லுவேன். வீட்டக் கட்டிக்க."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அப்ப ரயிலு?" என்றேன்.

"வராதுத்தா." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். "வாரதா இருந்தா இந்நேரம் வந்துருக்கும். எம் பேரன் கல்யாணம் நிண்டு போக நான் கல்லக் காத்துக்கிட்டு இருக்கவா? அந்த மீன்கடை ஆத்தா சொன்னாப்புல, குடியிருக்கிற சனம்தான் முக்கியம்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நம்ம ஊருக்கு வாரன்னிக்குத்தான் ஏறுவேன்னு சொன்னேன். ரயிலு வார எடத்துல வீடு வந்தாச்சு, இனிமே சபதம் என்ன வேண்டிக் கெடக்கு? நீ மட்டும் போயிட்டு வந்துட்டேல்ல? என்னையவும் கூட்டிட்டுப் போ."

அண்ணன் சந்தோஷத்தில் அழுதான். நான் எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. எதற்காக சிங்கப்பூரிலிருந்து படம் பிடித்து வந்தேனோ அது நடந்துவிட்டது. ஆனால் அது நடந்த பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

நல்ல நாள் பார்த்து மேட்டில் கயிறு பிடித்தார்கள். கல்லை என்ன செய்வது என்று கொத்தனார் கேட்டார். "பிடுங்கிரு" என்றார் அய்யா, குரல் ஆடாமல். அடுத்த நாளே ஊரில் முணுமுணுப்பு. "ரயிலும் இல்ல, இப்ப நடக்க வழியும் இல்ல. ரோட்டுக்கு இனிமே சுத்திக்கிட்டுல்ல போகணும்" என்று பெண்கள் அய்யா காதில் விழும்படியே பேசிக்கொண்டு போனார்கள். இத்தனை காலம் அவர்களை நடக்காதே நடக்காதே என்று விரட்டினவர், கொத்தனாரைக் கூப்பிட்டு, "வீட்டக் கொஞ்சம் ஒதுக்கிக் கட்டு. ஓரமா நடக்கப் பாதை விடு" என்றார். அண்ணன் இடம் குறைகிறதே என்று இழுத்தான். அய்யா அவனை முறைத்தார். "ஏன், சிங்கப்பூருக்காரன் மட்டும்தான் சனத்த நடக்க விடுவானா?"

அதற்கப்புறம் அய்யாவைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்தில் ரயில் ஏறினேன். புது வேட்டி, புதுத் துண்டு. ஏறுவதற்கு முன்னால் பெட்டியைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உச்சிப்புளி, மண்டபம் என்று ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தார். "இங்கனயெல்லாம் நிக்குது பாரு" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு. சுண்டல் வாங்கிக் கொடுத்தேன், கையிலேயே வைத்திருந்தார்.

வண்டி பாலத்தில் ஏறியது. தண்ணீரைப் பார்த்தார், பழைய பாலத்தைப் பார்த்தார். அப்புறம் தலையை உயர்த்தி ரோட்டுப் பாலத்தைப் பார்த்தார். கார்கள் நின்றிருந்தன. கைப்பிடிச் சுவர் ஓரம் வரிசையாகச் சனம், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு நின்றது.

"யாரப் பாக்குறாக?" என்றார்.

"நம்மளத்தான்யா."

சுண்டலை என்னிடம் கொடுத்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். முதுகை நிமிர்த்தி, அந்தப் பாலத்தில் நின்ற சனத்துக்கு முகம் நன்றாகத் தெரியும்படி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்.

"பாக்கட்டும்" என்றார். "நல்லா வயிறு எரியட்டும்."